சேலம்–நாமக்கல் சமவெளியில் வீட்டுமனை முதலீடு

சேலம்–நாமக்கல் சமவெளியில் வீட்டுமனை முதலீடு என்பது தமிழ்நாட்டின் சேலம், நாமக்கல் மாவட்டங்களின் சமவெளிப் பகுதிகளில் மனை, வீடு, மனையாக்கத்தக்க வேளாண் நிலம் ஆகியவற்றை மறுவிற்பனை அல்லது வாடகை வருவாய் கருதி வாங்குவதைக் குறிக்கும். இம்முதலீட்டின் இடர்கள் மூன்று வகைப்படும். அவை நிலம் அல்லது கட்டடத்தின் நிலை, ஆவணங்களின் நிலை, சந்தையின் நிலை என்பனவாகும். முதல் இரு வகைக் குறைகள் சொத்தைக் கையில் வைத்திருக்கும் வரை பெரும்பாலும் வெளிப்படுவதில்லை. விற்கவோ, அடமானம் வைக்கவோ, வீடு கட்டவோ முற்படும்போதே வெளிப்படுகின்றன. 2016-ஆம் ஆண்டில் அங்கீகாரமற்ற மனைகளின் பத்திரப்பதிவு தடை செய்யப்பட்ட நிகழ்வு இதற்கு முதன்மையான எடுத்துக்காட்டாகும்.

பின்னணி

நாமக்கல் மாவட்டம் சேலம் மாவட்டத்திலிருந்து பிரிக்கப்பட்டு 1997 சனவரி 1 முதல் தனி மாவட்டமாக இயங்கி வருகிறது. சேலம் 1994-இலும் நாமக்கல் 2024-இலும் மாநகராட்சிகளாயின. கஞ்சமலை அடிவாரத்திலுள்ள உருக்காலை, சேலத்தின் விசைத்தறி, வெள்ளி வேலை, ஜவ்வரிசி ஆலைகள், நாமக்கல்லின் கோழிப்பண்ணைகள், லாரித் தொழில், திருச்செங்கோட்டின் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டித் தொழில், குமாரபாளையம், பள்ளிபாளையம் பகுதிகளின் நெசவு, சாயத்தொழில் ஆகியவை இவ்வட்டாரத்தின் வருவாய் வாயில்கள் ஆகும். இத்தொழில்களில் ஈடுபட்டோரின் சேமிப்பு தங்கத்திற்கு அடுத்தபடியாக நிலத்திலேயே பெரிதும் முடங்குகிறது.

சேலம்–நாமக்கல்–கரூர் தேசிய நெடுஞ்சாலை, சேலம்–கோயம்புத்தூர் நெடுஞ்சாலை, சேலம்–ஆத்தூர்–உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலை ஆகியவற்றை ஒட்டி மனைப்பிரிவுகள் பெருகின. 2013-இல் சேலம்–நாமக்கல்–கரூர் ரயில் பாதையில் பயணிகள் போக்குவரத்து தொடங்கியது.

நிலம் சென்ட், ஏக்கர் கணக்கிலும், மனை சதுர அடிக் கணக்கிலும் விலை பேசப்படுகிறது. ஒரு சென்ட் 435.6 சதுர அடி; 100 சென்ட் ஓர் ஏக்கர். பரவலாக விற்கப்படும் 30×40 அடி மனை 1,200 சதுர அடி, அதாவது ஏறத்தாழ 2.75 சென்ட் ஆகும்.

நிலத்தின் நிலை

மண்ணும் பாறையும்

இச்சமவெளி நைசு, சார்னோக்கைட்டு முதலிய கடும்பாறைகளின் மீது அமைந்தது. மேல்மண் பெரும்பாலும் செம்மண்ணாகவும், ஆங்காங்கே கரிசலாகவும் உள்ளது. செம்மண்ணும் அதன்கீழ் உள்ள சிதைந்த பாறையும் கட்டடத்தின் எடையை நன்கு தாங்கும். கரிசல் மண் மழையில் உப்பிக் கோடையில் சுருங்குவதால், ஆழமற்ற அடித்தளத்தின்மீது எழுப்பிய சுவர்களில் வெடிப்பு தோன்றும். இவ்வகை மண்ணில் அடிப்பகுதி விரிந்த தூண் அடித்தளம் போன்றவை தேவைப்படுவதால் கட்டுமானச் செலவு கூடும்.

மனையாக மாறும் வேளாண் நிலங்களில் கவனிக்க வேண்டியது பழைய பாசனக் கிணறு ஆகும். மனைப்பிரிவு அமைக்கும்போது திறந்த கிணறுகளும் கல் வெட்டிய குழிகளும் மண் கொட்டி மூடப்பட்டு, அவற்றின் மேல் மனை எண்கள் இடப்படுவதுண்டு. முறையாக இறுக்கப்படாத நிரப்பு மண் ஆண்டுக்கணக்கில் அமுங்கிக்கொண்டிருக்கும். தரையைப் பார்த்து இதனை அறிய இயலாது. நில அளவைத் துறையின் புலப்படத்தில் கிணறு குறிக்கப்பட்டிருப்பதும், பழைய கிரயப் பத்திரங்களில் கிணற்றுப் பங்கு எழுதப்பட்டிருப்பதும் இதற்குத் துப்பாகும்.

நிலத்தடி நீர்

கடும்பாறைப் பகுதியில் நீர், பாறையின் சிதைந்த மேலடுக்கிலும் வெடிப்புகளிலும் மட்டுமே தங்கும். ஆகவே அடுத்தடுத்த இரு மனைகளில் ஒன்றில் நீர் கிடைத்து மற்றொன்றில் கிடைக்காமல் போகலாம். அளவுக்கு மீறி நீர் எடுக்கப்படும் ஒன்றியங்கள் இவ்விரு மாவட்டங்களிலும் உள்ளன. சேலம் மாநகராட்சி எல்லைக்குள் மேட்டூரிலிருந்து வரும் காவிரிக் குடிநீர் கிடைக்கிறது. எல்லைக்கு வெளியே ஊராட்சிகளிலுள்ள மனைகளுக்குக் குடிநீர் இணைப்பு உள்ளதா என்பது அவற்றின் வாடகை மதிப்பையே தீர்மானிக்கும் காரணியாகும்.

நீரின் தரமும் இடத்திற்கு இடம் வேறுபடுகிறது. இரு மாவட்டங்களிலும் சில இடங்களில் நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்துள்ளது. இந்தியக் குடிநீர்த் தரப்படி ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கது. வேறு நீர் கிடைக்காத நிலையில் 1.5 மில்லிகிராம் வரை அனுமதிக்கப்படும்.

நீர்வழிகளும் ஏரிகளும்

சேர்வராயன் மலையிலிருந்து இறங்கும் ஓடைகள் ஏரிகளை நிரப்பி, திருமணிமுத்தாறு, சரபங்கா ஆறு ஆகியவற்றின் வழியே காவிரியை அடைகின்றன. திருமணிமுத்தாறு சேலம் நகரின் ஊடே பாய்ந்து நாமக்கல் மாவட்டத்திற்குச் செல்கிறது. மூக்கனேரி, பள்ளப்பட்டி ஏரி, குமரகிரி ஏரி முதலியவை நகரைச் சார்ந்த ஏரிகளாகும். பல ஆண்டுகள் வறண்டு கிடக்கும் ஓடை, வாய்க்கால்களை ஒட்டிய மனைகள் கோடையில் மேட்டு நிலம் போலவே காட்சியளிக்கும். கனமழையில் நீர் தன் பழைய வழியையே நாடும்.

ஏரி, ஓடை, வண்டிப்பாதை, மேய்க்கால் புறம்போக்கு நிலங்களைத் தனியார் விற்க இயலாது. தமிழ்நாடு ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றுதல் சட்டம், 2007 ஏரி நிலங்களை அளந்து, ஆக்கிரமிப்புகளை அகற்ற வகை செய்கிறது. மின் இணைப்பும் வீட்டு வரி ரசீதும் பெற்றிருப்பது இத்தகைய இடத்தில் உரிமையை ஏற்படுத்தாது.

சுற்றுப்புறத் தொழில்கள்

கோழிப்பண்ணைகளின் நாற்றமும் ஈத்தொல்லையும், சேகோ ஆலைகளின் கழிவுநீரும், சாயப்பட்டறைகளின் நிறக்கழிவும், கல் குவாரிகளின் தூசியும் அதிர்வும் அருகிலுள்ள மனைகளின் மதிப்பைக் குறைப்பவை. ஜவ்வரிசி ஆலைகள் மரவள்ளிக் கிழங்கு அறுவடைப் பருவத்தில் மும்முரமாக இயங்குவதால், ஒருமுறை மட்டும் மனையைப் பார்ப்பவர் இக்குறையை உணராமல் போகலாம். தமிழ்நாடு சிறு கனிமச் சலுகை விதிகள், 1959 குடியிருப்பிலிருந்து 300 மீட்டர் தொலைவுக்குள் கல் உடைப்பதைத் தடை செய்கின்றன.

உயர் அழுத்த மின்பாதைகளும் மனையின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்துகின்றன. ராய்கர்–புகளூர் 800 கிலோவோல்ட் மின்பாதைக்கான பணிகளின்போது 2018-இல் மேற்கு மாவட்ட விவசாயிகள் இழப்பீடு தொடர்பாகப் போராட்டங்கள் நடத்தினர். கோபுரம் நிற்கும் இடம் மட்டுமன்றி, கம்பிகள் செல்லும் அகலத்திலும் வீடு கட்ட இயலாது என்பதே இதில் எழுந்த முதன்மைச் சிக்கலாகும்.

கட்டடத்தின் நிலை

வாடகை வருவாய்க்காகப் பழைய வீடுகளை வாங்கும்போது கூரை ஒழுக்கு, சுவர் ஈரம், கம்பி துருப்பிடித்துக் காங்கிரீட் பெயர்தல், கரையான் ஆகியவை பொதுவாகக் காணப்படும் குறைகளாகும். இவற்றுள் சுண்ணாம்புப் பூச்சாலும் வண்ணத்தாலும் மறைக்கத்தக்கவை பல. மழைக்காலத்தில் ஒருமுறை பார்வையிடுவது கோடையில் பலமுறை பார்வையிடுவதைவிடப் பயன் தருவதாகும். சுவரில் குறுக்காகப் படிக்கட்டுப் போலச் செல்லும் வெடிப்பு அடித்தளம் அமுங்கியதன் அறிகுறியாகலாம். பூச்சில் மட்டும் காணப்படும் மயிரிழை வெடிப்பு அத்தகையதன்று.

பாதாளச் சாக்கடை இல்லாத பகுதிகளில் கழிவுநீர்த் தொட்டிக்கும் ஆழ்துளைக் கிணற்றுக்கும் உள்ள இடைவெளி நோக்கத்தக்கது. சிறிய மனைகளில் இரண்டும் நெருங்கி அமைவதால் குடிநீர் கெடும் வாய்ப்புண்டு. அனுமதிக்கப்பட்ட வரைபடத்திற்கு மாறாகக் கட்டப்பட்ட மாடிகள் வங்கிக் கடன் பெறுவதற்குத் தடையாகின்றன.

ஆவணங்களின் நிலை

உரிமை

இந்தியாவில் பத்திரப்பதிவு, ஆவணம் எழுதப்பட்டதற்குச் சான்றேயன்றி, விற்பவருக்கு உரிமை உண்டு என்பதற்கு அரசு அளிக்கும் உறுதிமொழி அன்று. பதிவுச் சட்டத்தின்படி உரிமையை ஆராயும் அதிகாரம் சார்பதிவாளருக்கு இல்லை என உச்ச நீதிமன்றம் 2025 ஏப்ரலில் தீர்ப்பளித்து, மூல ஆவணத்தைக் காட்டுமாறு கோரிய தமிழ்நாட்டின் 55-அ(1) பதிவு விதியைச் செல்லாததாக்கியது. எனவே மூலப் பத்திரத்திலிருந்து தொடர்ச்சியாக உரிமையை ஆராயும் பொறுப்பு வாங்குபவரையே சாரும்.

பட்டாவும் தனித்து உரிமை ஆவணமாகாது. 1979-இல் தொடங்கப்பட்ட நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தின்போது (யு.டி.ஆர்.) பெயர், பரப்பு, புல எண் ஆகியவற்றில் நேர்ந்த பிழைகள் இன்றும் திருத்தத்திற்கு வருகின்றன. பத்திரத்தில் உள்ள பரப்பும் பட்டாவில் உள்ள பரப்பும் வேறுபட்டால், விற்பனையின்போது குறைந்த பரப்புக்கே விலை கிடைப்பது வழக்கம்.

பொது அதிகாரப் பத்திரம் (பவர்) மட்டும் பெற்று மனை வாங்கும் வழக்கமும் இருந்தது. 2011-இல் சூரஜ் லேம்ப் வழக்கில் உச்ச நீதிமன்றம் இத்தகைய ஆவணத்தால் உரிமை மாறாது எனத் தெளிவுபடுத்தியது.

குடும்பச் சொத்து

பிதுரார்ஜித நிலங்களில் பெண் வாரிசுகளின் கையொப்பம் இன்மை அடிக்கடி வழக்குக்கு வழிவகுக்கிறது. தமிழ்நாடு 1989-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம், அப்போது மணமாகாதிருந்த மகள்களுக்குக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகனுக்கு நிகரான பங்கை அளித்தது. 2005-ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் இதனை நாடு முழுவதும் விரிவாக்கியது. 2020-இல் வினீதா சர்மா வழக்கில், 2005-க்கு முன் தந்தை இறந்திருந்தாலும் மகளின் பங்கு நிலைக்கும் என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முறையாக நடந்த விற்பனைகளையும் பாகப்பிரிவினைகளையும் இம்மத்தியத் திருத்தம் பாதிப்பதில்லை.

மாற்றத்தகாத நிலங்கள்

கோயில் நிலம், வக்பு நிலம், பூதான நிலம், நிபந்தனைக்குட்பட்ட அரசு ஒப்படை நிலம் ஆகியவை இவ்வகையின. 1892-ஆம் ஆண்டு அரசாணையின் வழியே ஒடுக்கப்பட்ட மக்களுக்கு அளிக்கப்பட்ட பஞ்சமி நிலங்களைப் பிற வகுப்பினர் வாங்கினால் அவ்விற்பனை செல்லாது. பல கைகள் மாறிய பின்னரும் இக்குறை நீங்குவதில்லை.

வழித்தடம்

பழைய பத்திரங்களில் “மாமூல் வழித்தட பாத்தியம்” என்று மட்டும் எழுதப்பட்டிருப்பது இவ்வட்டாரத்தில் வழக்கம். இத்தடத்தின் அகலமும் எல்லையும் குறிக்கப்படாதபோது, மாட்டு வண்டிக்குப் போதுமானதாக இருந்த பாதை மனைப்பிரிவுக்குரிய சாலையாக ஏற்கப்படாமல் போகலாம்.

அங்கீகாரமற்ற மனைகளும் 2016 தடையும்

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971-இன் கீழ் மனைப்பிரிவுக்கு நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி தேவை. இவ்வனுமதி சாலை அகலம், பொதுப்பூங்கா, வடிகால் ஆகியவற்றை உறுதி செய்வதற்கானது. 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட (ஏறத்தாழ 74 சென்ட்) மனைப்பிரிவுகளில் சாலை நீங்கலான பரப்பில் 10 விழுக்காடு திறந்தவெளியாக ஒதுக்கப்பட வேண்டும். சாலைக்கும் பூங்காவுக்கும் இடம் விடாமல் பிரித்தால் விற்கத்தக்க மனைகளின் எண்ணிக்கை கூடும். அதனால் அங்கீகாரமற்ற மனை மலிவாகக் கிடைத்தது. மாதத் தவணையில் மனை விற்கும் திட்டங்களின் வழியே குறைந்த வருவாயினரும் இவற்றை வாங்கினர். “பஞ்சாயத்து அங்கீகாரம்” என விளம்பரப்படுத்தப்பட்ட பல மனைப்பிரிவுகள் நகர் ஊரமைப்புத் துறையின் அனுமதி பெறாதவை ஆகும்.

பொதுநல வழக்கு ஒன்றில் சென்னை உயர் நீதிமன்றம் 2016 செப்டம்பர் 9 அன்று, வேளாண் நிலங்கள் முறையின்றி மனைகளாக்கப்படுவதைத் தடுக்கும் பொருட்டு, அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தது. 2008-ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தில் இடம்பெற்றும் நடைமுறைக்கு வராதிருந்த பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவை மாநில அரசு 2016 அக்டோபர் 20 அன்று நடைமுறைப்படுத்தியது. நவம்பர் 8 அன்று 500, 1,000 ரூபாய் நோட்டுகள் மதிப்பிழப்புச் செய்யப்பட்டன. இரு மாதங்களுக்குள் நேர்ந்த இந்நிகழ்வுகளால் மாநிலம் முழுவதும் மனை விற்பனை முடங்கியது. மகளின் திருமணம், மருத்துவம், தொழிற்கடன் ஆகியவற்றுக்காக மனையை விற்க எண்ணியிருந்தோர், பத்திரம் கையிலிருந்தும் அதனைப் பணமாக்க இயலாத நிலைக்கு உள்ளாயினர்.

2017 மே மாதம் அரசு வரன்முறைப்படுத்தும் விதிகளை வெளியிட்டது. 2016 அக்டோபர் 20 அன்றோ அதற்கு முன்னரோ ஒரு மனையேனும் விற்றுப் பதிவான மனைப்பிரிவுகள், கட்டணம் செலுத்தி வரன்முறை பெற இவை வழி செய்தன. நீர்நிலை, புறம்போக்கு, கோயில் நிலம் முதலியவற்றில் அமைந்த மனைகளுக்கு இவ்வாய்ப்பு அளிக்கப்படவில்லை. வரன்முறை செய்யப்படாத மனைகளுக்குக் கட்டட அனுமதி, குடிநீர், கழிவுநீர் இணைப்புகள் வழங்கப்படா என விதிகள் கூறுகின்றன. விண்ணப்பிப்பதற்கான காலக்கெடு பன்முறை நீட்டிக்கப்பட்டது.

ஏற்கெனவே வீட்டுமனையாகப் பதிவான மனையை மீண்டும் பதிவு செய்ய 22-அ பிரிவு இடமளிக்கிறது. இதனால் மறுவிற்பனைப் பதிவு நடந்துவிடுவதைக் கண்டு, மனைக்கு அங்கீகாரம் உள்ளதாக வாங்குபவர் கருதிவிடுகின்றனர். பதிவு வேறு, அங்கீகாரம் வேறு என்பதை உணராமையே இவ்வகை இழப்புகளுக்கு முதன்மைக் காரணமாகும்.

சந்தை சார்ந்த இடர்கள்

பரிவர்த்தனைச் செலவு

2017 சூன் 9 அன்று தமிழ்நாட்டில் வழிகாட்டி மதிப்பு 33 விழுக்காடு குறைக்கப்பட்டு, பதிவுக் கட்டணம் 1 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக உயர்த்தப்பட்டது. 2023-இல் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது; வழிகாட்டி மதிப்பு உயர்த்தப்பட்டது. அதன்படி முத்திரைத் தீர்வை, மாற்றுத் தீர்வை, பதிவுக் கட்டணம் ஆகியவற்றின் கூட்டுத்தொகை 9 விழுக்காடு ஆகும். 20 இலட்சம் ரூபாய் மதிப்புள்ள மனைக்கு இது 1.8 இலட்சம் ரூபாய். தரகு, கம்பி வேலி, நில வரி ஆகியவற்றையும் சேர்த்தால், விலை பத்து விழுக்காட்டுக்கு மேல் உயர்ந்த பின்னரே முதலீட்டாளருக்கு அசல் திரும்பும். வெற்று மனை இடைக்காலத்தில் வருவாய் எதனையும் தருவதில்லை.

வழிகாட்டி மதிப்பும் சந்தை விலையும் பெரிதும் வேறுபடும் இடங்களில், குறைத்துக் காட்டிய பத்திரம் பின்னாளில் விற்பவரின் மூலதன ஆதாயத்தைக் கூட்டிக் காட்டும். 2024 சூலை 23 முதல் நீண்டகால மூலதன ஆதாய வரி, பணவீக்கச் சரிக்கட்டல் இன்றி 12.5 விழுக்காடு என மாற்றப்பட்டது. அந்நாளுக்கு முன் வாங்கிய சொத்துகளுக்கு மட்டும் பழைய 20 விழுக்காட்டு முறையையும் கணக்கிட்டுப் பார்க்கத் தனிநபர்களுக்கு இடமுண்டு.

திட்ட அறிவிப்புகள்

இவ்வட்டாரத்தில் மனை விளம்பரங்கள் வரவிருக்கும் சாலை, விமான நிலையம், தொழிற்பேட்டை ஆகியவற்றை முன்னிறுத்துகின்றன. அறிவிப்புக்கும் நிறைவேற்றத்துக்கும் இடையிலான காலமே இதிலுள்ள இடராகும். 2018-இல் அறிவிக்கப்பட்ட 277 கிலோமீட்டர் நீளச் சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைத் திட்டத்திற்கு விவசாயிகள் கடும் எதிர்ப்புத் தெரிவித்தனர். 2019 ஏப்ரல் 8 அன்று சென்னை உயர் நீதிமன்றம் நிலம் கையகப்படுத்தும் அறிவிக்கைகளை ரத்து செய்தது. 2020 டிசம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் அறிவிக்கைகளைச் செல்லத்தக்கவை என்றது. எனினும், கையகப்படுத்தும் நடைமுறை முடிவதற்குள் வருவாய் ஆவணங்களில் செய்யப்பட்ட பெயர் மாற்றங்கள் செல்லாதவை என்ற பகுதியை அது ஏற்றுக்கொண்டது. இடைப்பட்ட காலத்தில் வழித்தடத்திலுள்ள நிலங்களை உரிமையாளர்கள் விற்கவும் அடமானம் வைக்கவும் இடர்ப்பட்டனர். ஒரே அறிவிப்பு சாலையோர நிலத்திற்கு விலையேற்றத்தையும், சாலைக்குள் அகப்படும் நிலத்திற்கு முடக்கத்தையும் தருவதை இது காட்டுகிறது.

ஓமலூர் அருகே காமலாபுரத்திலுள்ள சேலம் விமான நிலையத்தில் 2018 மார்ச்சில் மீண்டும் தொடங்கிய பயணிகள் சேவை 2021-இல் நின்று, 2023 அக்டோபரில் மறுபடியும் தொடங்கியது. சேவையின் வரவையொட்டி விலை உயர்ந்தாலும், வாங்குபவர் நிலைத்திருப்பதில்லை என்பதற்கு இது சான்றாகும்.

எல்லை விரிவு

ஊராட்சிகள் நகராட்சி, மாநகராட்சிகளுடன் இணைக்கப்படும்போது மனை விலை உயரும் என்ற எதிர்பார்ப்பு உள்ளது. அதனுடன் சொத்து வரியும் உயரும். 2022-இல் தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் சொத்து வரி பரப்பளவுக்கு ஏற்பக் குறைந்தது 25 விழுக்காடு உயர்த்தப்பட்டது. பாதாளச் சாக்கடை, குடிநீர் போன்ற வசதிகள் வரியுடன் உடனே வருவதில்லை.

சட்டப் பாதுகாப்பு

- சொத்துரிமை மாற்றுச் சட்டம், 1882-இன் 55-ஆம் பிரிவின்படி, வாங்குபவர் இயல்பான கவனத்தால் கண்டறிய இயலாத முக்கியக் குறைகளை விற்பவர் தாமே தெரிவிக்க வேண்டும். இயல்பான கவனத்தால் கண்டறியத்தக்க குறைகளுக்கு இப்பாதுகாப்பு இல்லை.
- நிலைச்சொத்து (ஒழுங்குமுறை மற்றும் மேம்பாடு) சட்டம், 2016 (ரெரா) 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது எட்டுக்கு மேற்பட்ட அடுக்குமாடி வீடுகள் கொண்ட திட்டங்களைப் பதிவு செய்யக் கோருகிறது. தமிழ்நாட்டு விதிகள் 2017 சூனில் வெளியாயின.
- இச்சட்டத்தின்படி, பதிவு செய்யப்பட்ட ஒப்பந்தமின்றி விலையில் 10 விழுக்காட்டுக்கு மேல் முன்பணம் பெறக் கூடாது. வீடு ஒப்படைத்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் சுட்டிக்காட்டப்படும் கட்டமைப்புக் குறைகளைக் கட்டுநர் தம் செலவில் 30 நாட்களுக்குள் சரிசெய்ய வேண்டும். உரிமைக் குறைபாட்டிற்கான இழப்பீட்டுக் கோரிக்கைக்குக் காலவரையறை இல்லை.

தனிநபர் ஒருவர் மற்றொருவருக்குச் செய்யும் மறுவிற்பனைகள் ரெராவின் வரம்பிற்குள் வருவதில்லை. பழைய அங்கீகாரமற்ற மனைகளின் சந்தை பெரும்பாலும் இத்தகைய மறுவிற்பனைகளால் ஆனது என்பதால், பாதுகாப்பு மிகவும் தேவைப்படும் இடத்தில் அது குறைவாகவே உள்ளது.

வாங்குமுன் சரிபார்க்கத்தக்கவை

1. மூலப் பத்திரம் முதல் இன்று வரையிலான ஆவணத் தொடர்ச்சியும், குறைந்தது 30 ஆண்டுகளுக்கான வில்லங்கச் சான்றும்.
2. பட்டா, ‘அ’ பதிவேடு, புலப்படம் ஆகியவற்றில் புல எண், பரப்பு, நில வகை ஆகியவற்றின் ஒற்றுமை.
3. அங்கீகார எண் அல்லது வரன்முறை ஆணையின் நகல், அதனை வழங்கிய அலுவலகத்திலேயே ஒப்பிடப்படல்.
4. எல்லைக் கற்களை நில அளவையர் கொண்டு அளந்து உறுதி செய்தல்.
5. மழைக்காலத்திலும், அருகிலுள்ள ஆலைகள் இயங்கும் பருவத்திலும் நேரில் பார்வையிடல்.
6. அண்டை வீடுகளின் ஆழ்துளைக் கிணற்று ஆழம், நீர்ச்சுவை, கோடைக்கால நீர்வரத்து.
7. நிலுவையிலுள்ள வழக்குகள். வழக்கு நடைபெறும்போது சொத்தை வாங்குபவரைத் தீர்ப்பு கட்டுப்படுத்தும்.
8. அண்மையில் அதே மனைப்பிரிவில் உண்மையாகவே நடந்த மறுவிற்பனைகள். மனை போட்டவரிடமிருந்து வாங்கியவர்கள் பலராக இருந்து, பிறருக்கு விற்க முடிந்தவர்கள் எவரும் இலராயின், கூறப்படும் விலை சந்தை விலை ஆகாது.

இவற்றையும் பார்க்க

- பட்டா
- வில்லங்கச் சான்று
- புறம்போக்கு நிலம்
- பஞ்சமி நிலம்
- திருமணிமுத்தாறு
- சேலம் மாவட்டம்
- நாமக்கல் மாவட்டம்